கை சொல்லும் கதை: காது கேளாக் குழந்தைகளும் படநூல்களும்



பத்தாண்டுகளாகக் கவிதையைப் பற்றியே பேசிவந்த அவையில் சைகை மொழியைப் பற்றி ஓர் உரை எதற்கு என்ற ஐயம் எழுவது இயல்பே. எழுத்து என்பதையே ஒலியாகக் கொண்டு இலக்கணம் வகுத்த மரபு தமிழ் மரபு. அசை, சீர், தளை, எதுகை, மோனை என யாப்பின் உறுப்புகள் அனைத்தும் செவியை நம்பி நிற்பவை. ஒலியே இல்லாத ஒரு மொழி தோன்றி, இலக்கணம் பெற்று, தனக்கென ஒரு கவிதையையும் பெற்றிருக்கிறது என்றால் அதனைக் கேட்டறியும் கடமை கவிஞர்களுக்கே முதலில் உண்டு. அம்மொழியைச் சின்னஞ்சிறு குழந்தைகளுக்குக் கற்பிக்க அமெரிக்காவில் எழுந்த படநூல்களின் வரலாறும், அவை எதிர்கொண்ட இடர்ப்பாடும், அதற்குக் காது கேளாதவர்களே கண்ட விடையும் இவ்வுரையின் பொருள்.

இடர்ப்பாடு எதுவென்று முதலில் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. காது கேட்கும் குழந்தை ஒன்று தாயின் மடியில் அமர்ந்திருக்கிறது. முன்னால் படநூல் விரிந்திருக்கிறது. குழந்தையின் கண் யானையின் மீது இருக்கிறது. 'யானை' என்னும் சொல் பின்னாலிருந்து, தாயின் வாயிலிருந்து, செவி வழியே வந்து சேர்கிறது. தாயின் முகத்தைக் குழந்தை பார்க்க வேண்டியதில்லை. படத்திற்கு ஒரு வாயில், சொல்லுக்கு வேறொரு வாயில். இவ்விரு வாயில்களும் ஒரே நேரத்தில் திறந்திருப்பதால்தான் சொல்லும் பொருளும் குழந்தையின் உள்ளத்தில் ஒன்றாக ஒட்டிக்கொள்கின்றன.

காது கேளாக் குழந்தைக்கு ஒரே வாயில்தான் உண்டு. படத்தைப் பார்க்கும்போது கையைப் பார்க்க இயலாது. கையைப் பார்க்கும்போது படம் நழுவிவிடும். போதாக்குறைக்கு, நூலைப் பிடித்திருக்கும் தாயின் கைகளே பேச வேண்டிய கைகளாகவும் இருக்கின்றன. மடியில் அமர்த்திக்கொண்டால் தாயின் முகம் குழந்தைக்குத் தெரிவதில்லை. சைகை மொழியிலோ பாதி இலக்கணம் முகத்தில் இருக்கிறது. புருவம் உயர்ந்தால் ஒரு வினா, சுருங்கினால் வேறொரு வினா. ஆகவே, செவிக்குழந்தைகளுக்காக அமைந்த 'மடியில் வைத்துக் கதை சொல்லல்' என்னும் இனிய வழக்கம் இங்கே அடியோடு மாறியாக வேண்டும்.

இவ்வரலாறு படத்திலிருந்துதான் தொடங்குகிறது. பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், பாரிசு நகரில் காது கேளாத உடன்பிறந்த சிறுமியர் இருவர் இருந்தனர். வானேன் என்னும் பாதிரியார் அச்சுப் படங்களைக் காட்டி அவர்களுக்குச் சமயப் பாடம் புகட்டி வந்தார். அவர் இறந்தபின் அச்சிறுமியரின் வீட்டுக்குச் சென்ற மற்றொரு பாதிரியார், அபே தெ லெப்பே, அப்பணியை ஏற்றுக்கொண்டார். படங்களைத் தொடராமல், காது கேளாதவர் தமக்குள் வழங்கும் சைகைகளையே பாடமொழியாகக் கொள்ளத் துணிந்தார் அவர். உலகில் காது கேளாதோருக்கான முதல் இலவசப் பள்ளி அவ்வாறு பிறந்தது.

எனினும் லெப்பே ஒரு பிழையையும் செய்தார். அப்பிழை இருநூறு ஆண்டுகள் கழித்துப் படநூல்களில் மீண்டும் தலைகாட்டியது என்பதால் அதை இங்கே சொல்லியாக வேண்டும். குழந்தைகளின் இயல்பான சைகைக்கு இலக்கணம் போதாது என்று அவர் கருதினார். பிரெஞ்சு மொழியின் பாலும் காலமும் விகுதியும் சைகையில் இல்லையே என்று வருந்தி, ஒவ்வொன்றுக்கும் புதிதாகச் சைகை சமைத்தார். ஆண்பாலுக்குக் கை தொப்பியைத் தொடும். பெண்பாலுக்குப் பெண்டிர் அணியும் தலையணி முடியுமிடமாகிய காதைத் தொடும். இறந்த காலத்திற்குக் கை தோளுக்குப் பின்னே வீசும். இம்முறையால் மாணவர்கள் பிரெஞ்சு வாக்கியங்களைப் பிழையின்றி எழுதினர். பொருள் விளங்கி எழுதினரா என்பது வேறு. வடமொழி வாக்கியம் ஒன்றின் வேற்றுமை உருபுகளை ஒவ்வொன்றாகத் தமிழில் பெயர்த்து வரிசையாக அடுக்கினால் அது எப்படித் தமிழாகாதோ, அப்படித்தான் இதுவும்.

அட்லாண்டிக்கைத் தாண்டி 1814இல் மற்றொரு சந்திப்பு நிகழ்ந்தது. அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு நகரில் தாமஸ் ஹாப்கின்ஸ் கேலடெட் என்னும் இளைஞர், அண்டை வீட்டின் காது கேளாச் சிறுமி ஆலிஸ் காக்ஸ்வெல்லைக் கண்டார். தம் தொப்பியைக் காட்டி, அச்சொல்லின் எழுத்துகளைத் தரையில் குச்சியால் எழுதிக் காட்டினார் என்பது வழிவழியாக வழங்கும் செய்தி. சிறுமியின் தந்தையும் நகரத்தாரும் பொருள் உதவி செய்ய, அவர் ஐரோப்பா சென்று, பாரிசுப் பள்ளியில் பயின்று அங்கேயே ஆசிரியராகவும் விளங்கிய லோரான் கிளெர் என்னும் காது கேளாத அறிஞரை அழைத்து வந்தார். 1817 ஏப்ரலில் ஹார்ட்ஃபோர்டில் பள்ளி திறக்கப்பட்டது. கேலடெட் பிற்காலத்தில் குழந்தைகளுக்கென நூல்களும் எழுதினார். 1830இல் வெளிவந்த அவரது வாசிப்பு நூல் ஒன்று படத்தை முதலில் நிறுத்தி, படத்திலிருந்து சொல்லுக்குச் செல்வது. காது கேளாக் குழந்தைகளிடம் கற்ற பாடத்தைக் காது கேட்கும் குழந்தைகளுக்கும் அவர் கொண்டு சென்றார் என்று கொள்வதற்கு இடமுண்டு. லெப்பே வகுத்த விகுதிச் சைகைகளோ அந்தப் பள்ளியில் நெடுநாள் நிலைக்கவில்லை. குழந்தைகள் தங்கும் கூடத்தில் வளர்ந்த இயல்பான சைகையே மொழியாக நிலைபெற்றது.

அதன்பின் வந்த இருளை விரைந்து கடந்துவிடலாம். 1880இல் இத்தாலியின் மிலான் நகரில் கூடிய ஆசிரியர் மாநாடு சைகையை விலக்கிப் பேச்சையே கற்பிக்க வேண்டும் எனத் தீர்மானித்தது. வாக்களித்தோர் பெரும்பாலும் காது கேட்பவர்கள். அதனைத் தொடர்ந்து பல நாடுகளிலும் வகுப்பறைகளில் சைகை தடை செய்யப்பட்டது. காது கேளாத ஆசிரியர்கள் வேலை இழந்தனர். அதே மாநாட்டின் வழித்தோன்றல் 2010இல் கனடாவின் வான்கூவரில் கூடி, மிலான் தீர்மானத்திற்கு வருத்தம் தெரிவித்தது. இடையில் ஓடிய ஆண்டுகள் நூற்று முப்பது.

சைகையும் ஒரு மொழியே என்று மொழிநூல் ஏற்கத் தொடங்கியது 1960இல். கேலடெட்டின் பெயர் தாங்கிய கல்லூரியில் ஆங்கிலப் பேராசிரியராயிருந்த வில்லியம் ஸ்டோக்கீ, ஒவ்வொரு சைகையும் கையின் வடிவம், அது நிகழும் இடம், அதன் அசைவு என்னும் உறுப்புகளால் ஆனது என்று காட்டினார். ஐந்து விரலையும் விரித்துப் பெருவிரல் முகவாயைத் தொட்டால் 'தாய்'. அதே கை நெற்றியைத் தொட்டால் 'தந்தை'. சுட்டுவிரல் வளைந்தபடி நெற்றிக்குக் குறுக்கே சென்றால் 'கோடை'. மூக்கருகே சென்றால் 'அழகின்மை'. முகவாயருகே சென்றால் 'வறட்சி'. தமிழில் 'பல், கல், சொல்' என ஓரெழுத்து மாறப் பொருள் மாறுவது போன்றதே இது. காது கேளாதவர்களான டாரதி காஸ்டர்லைன், கார்ல் குரோன்பெர்க் இருவருடனும் இணைந்து அவர் தொகுத்த அகராதி 1965இல் வெளிவந்தது. நாட்டிய மேடையின் முத்திரைகளை நினைத்துக்கொண்டு, 'இது நமக்குப் புதிதல்லவே' என்று சொல்வோர் உண்டு. முத்திரை பாட்டின் பொருளைக் கையால் காட்டுவது. பாட்டு அங்கே உண்டு. சைகை மொழிக்குப் பின்னால் வேறொரு பாட்டு ஒலிப்பதில்லை. அது தானே சொல், தானே தொடர்.

இத்தனையும் தெளிந்த பிறகும் குழந்தை நூலை உருவாக்க முனைந்தவர்கள் லெப்பேயின் வழியிலேயே முதலில் சென்றனர். 1970களில் கேலடெட் கல்லூரியில் ஹாரி போர்ன்ஸ்டீனும் அவருடைய குழுவினரும் 'சைகை ஆங்கிலம்' என்னும் முறையை வகுத்தனர். ஆங்கிலச் சொல் ஒவ்வொன்றுக்கும் ஒரு சைகை. பன்மை, இறந்த காலம் போன்றவற்றுக்குப் பதினான்கு குறிகள். இம்முறையில் சிவப்புத் தொப்பிச் சிறுமியின் கதை முதலான பழங்கதைகள் பல படநூல்களாக வந்தன. பக்கத்தில் வண்ணப்படம், கீழே ஆங்கில வரி, வரியின் ஒவ்வொரு சொல்லோடும் அச்சொல்லைச் செய்யும் கையின் கோட்டோவியம்.

இந்நூல்களை எள்ளி நகையாடுவது எளிது. ஆனால் அவை யாருக்காக வந்தன என்பதை மறந்து தீர்ப்புக் கூறுவது முறையாகாது. காது கேளாக் குழந்தைகளில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் காது கேட்கும் பெற்றோருக்கே பிறக்கின்றனர். மருத்துவர் செய்தியைச் சொன்ன நாள் வரை அப்பெற்றோர் ஒரு சைகையையும் கண்டதில்லை. புதிய மொழி ஒன்றைத் தாம் கற்றுத் தேர்ந்த பிறகு குழந்தைக்குக் கதை சொல்லலாம் என்று காத்திருந்தால் குழந்தை வளர்ந்துவிடும். அன்றிரவே கையில் எடுத்து, பக்கத்தைப் பார்த்துக்கொண்டே செய்யக்கூடிய ஒரு நூல் அவர்களுக்கு வேண்டியிருந்தது. அத்தேவையை அந்நூல்கள் நிறைவு செய்தன.

இருப்பினும் அவை கொடுத்தது கதையா என்பதே கேள்வி. பூனை மரத்தில் ஏறியது என்பதைச் சைகை ஆங்கிலத்தில் சொல்லப் பூனைக்கு முன் ஒரு சுட்டு, பூனை, ஏறு என்னும் வினை, அதன்பின் இறந்தகாலக் குறி, மேல்நோக்கி என்னும் சொல், மீண்டும் ஒரு சுட்டு, மரம் என்று வரிசையாகக் கை உழைக்க வேண்டும். அமெரிக்கச் சைகை மொழியில் அதுவே ஒரு காட்சி. கன்னத்தருகே மீசையை இழுத்துப் பூனையைச் சொல்லியாயிற்று. முழங்கை மறுகையின் மீது ஊன்றி நிற்க, விரிந்த விரல்கள் கிளைகளாக, ஒரு கை மரமாகிறது. மற்றக் கையின் இருவிரல்கள் மடங்கிப் பூனையின் கால்களாகி, மரமான கையின் மீது ஏறுகின்றன. விரைந்து ஏறியதா, தயங்கி ஏறியதா, நாய்க்கு அஞ்சி ஏறியதா என்பதற்குத் தனிச்சொல் வேண்டியதில்லை; அசைவிலும் முகத்திலும் அது இருக்கிறது. முதல் முறையில் குழந்தை ஏழெட்டுக் குறிகளை எண்ணுகிறது. இரண்டாவதில் பூனையைக் காண்கிறது. சொல்லுக்குச் சொல் பெயர்த்த கவிதையைப் படித்து நொந்த எவருக்கும் இவ்வேறுபாட்டை மேலும் விளக்க வேண்டியதில்லை.

வேறு வழியில் சென்றவர்களும் இருந்தனர். 1974இல் 'ஹாண்ட்டாக்' என்னும் படநூல் வந்தது. அதனை உருவாக்கிய மூவரும் கவனத்திற்குரியவர்கள். ரெமி சார்லிப் நடனக் கலைஞர். மெர்ஸ் கன்னிங்ஹாம் நடனக் குழுவின் தொடக்கக் கால உறுப்பினர். குழந்தை நூல்களும் வரைந்து எழுதியவர். மேரி பெத் மில்லர் காது கேளாத நடிகை. 1967இல் தோன்றிய காது கேளாதோர் தேசிய நாடகக் குழுவில் நடித்தவர். ஜார்ஜ் அன்கோனா ஒளிப்படக் கலைஞர். நூலில் கோட்டோவியக் கைகள் இல்லை. முழு மனிதர்கள் இருக்கிறார்கள். கண்ணை உருட்டுகிறார்கள், உடலை வளைக்கிறார்கள், வாய்விட்டுச் சிரிக்கிறார்கள். அகரவரிசை நூல்தான், ஆயினும் அது பாடநூலைப் போலத் தோன்றவில்லை. மில்லரே நாயகியாகத் தோன்றும் பிறந்தநாள் கதை 1987இல் தொடர்ந்து வந்தது. காது கேளாதவர்கள் குறைபாடுடையவர்களாக அல்லாமல், விருந்து வைத்து விளையாடி மகிழும் மனிதர்களாகப் பக்கங்களை நிறைத்தது இந்நூல்களின் பெரும்பேறு. தன்னைப் போன்ற வயது வந்தவர் ஒருவரைக்கூடக் கண்டிராத குழந்தைகள், 'நாம் பெரியவர்களானால் நமக்குக் காது கேட்கும் போலும்' என்று எண்ணி வளர்ந்ததைக் காது கேளாதோர் பலர் பதிவு செய்திருக்கின்றனர்.

விரலெழுத்து நூல்களைப் பற்றியும் ஒரு சொல். கையால் எழுத்துகளைக் காட்டும் முறைக்கு அச்சு வடிவம் பழையது. ஸ்பெயின் நாட்டில் 1620இல் ஹுவான் பாப்லோ போனெட் வெளியிட்ட நூலிலேயே செப்புத்தகட்டுப் படங்களாக அது உண்டு. 1991இல் லாரா ரேங்கின் வரைந்த அகரவரிசை நூல் அவ்வழியில் வந்தது. ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு கை ஓர் எழுத்தைக் காட்டும். அவ்வெழுத்தில் தொடங்கும் பொருள் ஒன்று அக்கையோடு உறவு கொண்டிருக்கும். நீர்க்குமிழிகள் ஒரு கையைச் சூழ்ந்திருக்கும். மற்றொரு கை கையுறை அணிந்திருக்கும். அழகிய நூல். ஆனால் விரலெழுத்து சைகை மொழியாகிவிடாது. அது ஆங்கில எழுத்துக்கு அணிவித்த கைச்சட்டை. செவிக்குழந்தைகள் இந்நூலைக் கொண்டு ஒரு மாலையில் எழுத்துகளைப் பழகிச் 'சைகை மொழி தெரியும்' என்று மகிழ்வதும் நடக்கிறது.

இதே எழுத்துகளைக் கொண்டு காது கேளாதோர் சமூகம் செய்துகொண்ட விளையாட்டைக் கவிஞர்கள் அறிய வேண்டும். அகரவரிசைக் கதை என்பது அதன் பெயர். கதையின் முதற்சைகை முதல் எழுத்தின் கை வடிவில் அமைய வேண்டும், அடுத்த சைகை அடுத்த எழுத்தின் வடிவில், இப்படியே இருபத்தாறும். முதலெழுத்தின் மூடிய கை கதவைத் தட்டும். இரண்டாம் எழுத்தின் தட்டையான கை அக்கதவாகித் திறக்கும். ஆத்திசூடி அகரவரிசையில் நடப்பது தெரிந்ததே. இங்கே வரிசையோடு வடிவமும் கட்டளையாகிறது. சித்திரகவி பாடியோரின் துணிவுக்கு இது குறைந்ததன்று. கிளேட்டன் வாலி (1951–2003) என்னும் காது கேளாக் கவிஞர், ஒரே கை வடிவம் மீண்டும் மீண்டும் வருவதைச் சைகைக் கவிதையின் எதுகை எனக் கொண்டு ஆராய்ந்தார். செவிக்கு எதுகை எப்படியோ, கண்ணுக்கு அது அப்படி. குழந்தைகளுக்குத் தாலாட்டும் கைவீசம்மாவும் செய்யும் வேலையை இத்தகைய சைகைப் பாடல்கள் காது கேளாக் குழந்தைகளுக்குச் செய்கின்றன. அச்சிட்ட பக்கத்தில் இவை நிற்பதில்லை என்பதே சங்கடம்.

அச்சிட்ட கை அசைவதில்லை. படநூல்காரர்கள் அனைவரையும் தடுத்து நிறுத்திய சுவர் இது. அம்புக்குறி இட்டுப் பார்த்தனர். ஒரே கையை இருமுறை வரைந்து பார்த்தனர். 1998இல் ஐசக் மில்மன் எழுதி வரைந்த கதை ஒன்றில் மோசஸ் என்னும் சிறுவனும் வகுப்புத் தோழர்களும் இசைக்கச்சேரிக்குச் செல்கின்றனர். பலூன்களை மடியில் வைத்து இசையின் அதிர்வை உணர்கின்றனர். தாளக்கருவிகளை இசைப்பவரும் காது கேளாதவரே. காலணி இன்றி நின்று, தரையின் அதிர்வைப் பாதத்தால் அறிகிறார். கதைப்படத்தின் அருகே, மோசஸ் சைகை செய்யும் சிறுசிறு படங்கள் அம்புக்குறிகளுடன் வரிசையாக வருகின்றன. ஆங்கிலத்தில் ஒரு வரிசை, சைகை மொழியின் முறைப்படி ஒரு வரிசை என இரண்டையும் ஏமாற்றாமல் தனித்தனியே காட்டியது இந்நூலின் நேர்மை. அப்போதும் ஒரு சிக்கல் எஞ்சுகிறது. படத்திலுள்ள கை பார்ப்பவரை நோக்கி நிற்கிறது. குழந்தை தன் கையைக் காண்பதோ பின்புறத்திலிருந்து. இடது வலதாகிறது, உள்ளங்கை புறங்கையாகிறது. முன்னரே சைகை அறிந்தவருக்கு அப்படம் நினைவூட்டும். அறியாதவருக்கு அது பெரும்பாலும் புதிர்.

அசைவைத் தொழில்நுட்பம் கொண்டுவந்து சேர்த்தது. கேலடெட் பல்கலைக்கழகத்தின் ஆய்வுக்குழு ஒன்று 2013இல் 'பாவோபாப்' என்னும் கதையைக் கைக்கணினிக்கான நூலாக வெளியிட்டது. படமும் ஆங்கில வரியும் இருக்கும். தொட்டால் சைகையில் கதை விரியும். ஒரு சொல்லைத் தொட்டால் அச்சொல்லின் சைகை தோன்றும். இந்தியாவிலும் இவ்வகை முயற்சி பிந்தியேனும் வந்திருக்கிறது. இந்தியச் சைகை மொழிக்கான ஆய்வு, பயிற்சி மையம் 2015இல் தில்லியில் அமைந்தது. 2018இல் 3,000 சொற்களோடு அது வெளியிட்ட காணொளி அகராதி 2021இல் 10,000 சொற்களாக வளர்ந்தது. பாடநூல்களைச் சைகையில் ஆக்கத் தேசியக் கல்வி ஆராய்ச்சிப் பயிற்சிக் குழுவோடு 2020இல் உடன்பாடும் ஏற்பட்டது. இந்தியச் சைகை மொழி இரு கைகளாலும் எழுத்துக் காட்டுவது. வினாச்சொல்லைத் தொடரின் இறுதியில் நிறுத்துவது. தமிழுக்கோ இந்திக்கோ கைவடிவம் அன்று. தமிழ் அச்சிட்ட பக்கத்தை அம்மொழியில் படிக்கும் குழந்தையும் ஹார்ட்ஃபோர்டுக் குழந்தையைப் போல இரு மொழிகளுக்கு நடுவேதான் அமர்ந்திருக்கிறது.

திரையில் கை அசைகிறது; உண்மை. ஆனால் திரைக்குக் குழந்தையின் கண் எங்கே இருக்கிறது என்று தெரியாது. குழந்தை யானையின் தும்பிக்கையில் மனம் தோய்ந்திருக்கும்போது திரைக்கதை ஓடிப் போய்விடுகிறது. தொடக்கத்தில் சொன்ன ஒற்றை வாயில் இடர்ப்பாடு அசைவைக் கொண்டுவந்ததால் தீரவில்லை.

அதற்கு முன், இதில் எவ்வளவு பெரிய இழப்பு தொக்கி நிற்கிறது என்பதைச் சொல்ல வேண்டும். காது கேளாப் பெற்றோருக்குப் பிறந்த காது கேளாக் குழந்தைகள் பத்து மாத அளவில் கையால் மழலை பேசுகின்றன என்று லாரா ஆன் பெட்டிட்டோவும் பவுலா மாரன்டெட்டும் 1991இல் காட்டினர். பொருளற்ற, ஆனால் அசைபிரித்த கை மழலை. எதிரே சைகை செய்வோர் இல்லாத வீட்டில் அம்மழலைக்கு மறுமொழி இல்லை. எலிசா நியூபோர்ட் 1990இல் வெளியிட்ட ஆய்வு இதன் விளைவைக் கூறுகிறது. பிறந்தது முதல் சைகை கண்டவர், நான்கு முதல் ஆறு வயதில் கற்கத் தொடங்கியவர், பன்னிரண்டுக்குப் பின் தொடங்கியவர் என மூவகையினரை அவர் ஒப்பிட்டார். அனைவரும் முப்பதாண்டுகளுக்கு மேல் அம்மொழியை நாள்தோறும் வழங்கியவர்கள். அவ்வளவு காலம் கழிந்த பிறகும், தாமதித்துத் தொடங்கியவர்களின் இலக்கணம் தேறவில்லை. செவிக்குழந்தைக்குத் தாய்மொழி கிடைக்காமற் போவது அரிது. இவர்களுக்கோ எந்த மொழியும் தாய்மொழியாகாமல் அக்காலம் கழிந்துவிடும் அபாயம் உண்டு. கழிந்தபின் அகராதிகளால் அதை ஈடு செய்ய முடிவதில்லை.

இவ்விடத்தில் ஒரு முரண் உறுத்துகிறது. 1996இல் லிண்டா அக்ரடோலோ, சூசன் குட்வின் இருவரும் எழுதிய நூலையொட்டி, காது கேட்கும் கைக்குழந்தைகளுக்குச் 'சைகை' கற்றுத் தரும் வழக்கம் அமெரிக்க நடுத்தர வீடுகளில் பரவியது. பால், இன்னும், போதும் என்று கை காட்டும் குழந்தைகளுக்காக அட்டை நூல்கள் ஏராளமாக விற்றன. அதே காலத்தில், காது கேளாக் குழந்தைகளின் பெற்றோர் பலருக்குச் 'சைகை காட்டாதீர்கள், காட்டினால் பேச்சு வராது' என்ற அறிவுரை வழங்கப்பட்டு வந்தது. தேவையற்றவருக்கு விருந்தும் பசித்தவருக்குப் பத்தியமும் என்று இதனைச் சொன்னால் மிகையாகாது.

விடை காது கேளாதோர் வீடுகளிலேயே இருந்தது. காது கேளாத தாய்மாரும் தந்தையரும் தம் குழந்தைகளுக்கு எப்படிக் கதை படிக்கின்றனர் என்பதை 1990களில் ஆய்வாளர்கள் உற்று நோக்கத் தொடங்கினர். கேலடெட்டைச் சேர்ந்த டேவிட் ஷ்லெப்பர் அவ்வழக்கங்களைப் பதினைந்து நெறிகளாகத் தொகுத்து 1997இல் வெளியிட்டார். எவரும் கற்பிக்காமல் வீடுகளில் வழிவழி வந்த கலை அது.

முதலாவதாக, அவர்கள் அவசரப்படுவதில்லை. பக்கத்தைத் திருப்பியதும் கை ஓய்ந்திருக்கும். குழந்தை படத்தை வேண்டுமளவு பார்த்துவிட்டுத் தானே நிமிரும். நிமிர்ந்த கண்ணுக்குத்தான் கை பேசும். குழந்தை நிமிரத் தாமதித்தால் முழங்காலை மெல்லத் தட்டுவார்கள்; நூலைச் சற்றே அசைப்பார்கள்; முகவாயைப் பிடித்துத் திருப்புவதில்லை. கண் மீண்டும் பக்கத்துக்குச் சென்றால் கையும் பின்தொடர்ந்து பக்கத்தின் மீதே இறங்கும். எலியின் படத்தருகே எலியின் சைகை. சில வேளை சைகை நிகழுமிடம் குழந்தையின் உடலே ஆகும். கம்பளிப்புழு தாயின் கையில் ஊராமல் குழந்தையின் கையில் ஊரும். இங்கே தொடுகையும் ஒரு வாயிலாகிவிடுகிறது. மடியில் அமர்த்தியவர்கள் பின்னிருந்து கைகளை நீட்டிக் குழந்தையின் முன்னே சைகை செய்கின்றனர். முகம் வேண்டிய கதையென்றால் எதிரெதிரே அமர்ந்து, நூலை நடுவே சாய்த்து வைத்துக்கொள்கின்றனர்.

இரண்டாவது, ஆங்கில வரிக்குக் கை அடிமையாவதில்லை. வரி பக்கத்தில் அச்சாகி எப்போதும் கண் முன்னே இருக்கிறது. அதை மறைக்கவும் கூடாது, அதைச் சொல்லுக்குச் சொல் கையால் எழுதிக் காட்டவும் வேண்டியதில்லை. கை கதையைச் சொல்லும். சொன்னபின் விரல் வரியைச் சுட்டும். இரு மொழிகளும் ஒரே பக்கத்தில், ஒன்றையொன்று கெடுக்காமல் நிற்கின்றன. லெப்பேயும் போர்ன்ஸ்டீனும் விகுதிக்குச் சைகை சமைத்துத் தீர்க்க முயன்ற சிக்கலைக் காது கேளாத் தாய் விரலால் சுட்டித் தீர்த்துவிடுகிறாள். கதையில் ஒரே தொடர் பலமுறை வருமானால், ஒவ்வொரு முறையும் வேறு வகையாகச் சைகை செய்வாள். அச்சில் மாறாத தொடர் கையில் மாறி மாறி வருவதைக் கண்டு குழந்தை பொருளைப் பற்றிக்கொள்ளும். மூன்று கரடிகளில் குட்டி பேசும்போது கதை சொல்பவளின் கண் மேல்நோக்கும். தந்தைக் கரடி பேசும்போது கீழ்நோக்கும். யார் யாரிடம் பேசினார் என்று தனியே சொல்ல வேண்டியதில்லை.

மூன்றாவது, அதே நூலைத் திரும்பத் திரும்பப் படிக்கின்றனர். முதல் நாள் கதை மிக விரியும். சொல்லாத காரணங்களும் சொல்லப்படும். நாளாக ஆக விரிவு குறைந்து, சைகை அச்சு வரிக்கு அருகில் வந்து சேரும். கதை சொல்லலில் தொடங்கிக் கதை வாசிப்பில் முடியும் பயணம் அது. மற்ற நெறிகள் பெரும்பாலும் இவற்றின் கிளைகளே.

இக்கலை இல்லாத வீடுகளுக்கு, அதாவது பத்தில் ஒன்பது வீடுகளுக்கு, அதனைக் கொண்டு செல்வதற்கே கேலடெட்டின் 'பகிர்ந்து படிக்கும் திட்டம்' உருவாயிற்று. காது கேளாத பயிற்றுநர் ஒருவர் வாரந்தோறும் வீட்டுக்கு வருகிறார். அவர் கொண்டுவரும் பையில் ஒரு படநூல், அக்கதை சைகையில் பதிவான ஒளிநாடா, படிக்கும் முறையை நினைவூட்டும் பக்க அடையாள அட்டை, கதையையொட்டிய விளையாட்டுகளின் கையேடு ஆகியவை இருக்கும். அவர் குழந்தைக்குப் பாடம் நடத்த வருவதில்லை. அந்தக் கதையைச் சைகையில் சொல்லத் தாய்க்கும் தந்தைக்கும் கற்றுத் தருகிறார். மொழி முழுவதையும் கற்கும்படி அவர்களைக் கேட்பதில்லை. இந்த வாரம் இந்த ஒரு கதை. கைகள் தடுமாறும், சைகை பிழைபடும். தாய் எவ்விடத்தில் தவறினாள் என்பதைக் காட்டிலும், குழந்தை நிமிரும் வரை அவள் காத்திருந்தாளா என்பதைப் பயிற்றுநர் கவனிக்கிறார். அவர் புறப்பட்டுச் சென்றபின் பை அங்கேயே இருக்கும். ஏழு நாளும் அதே பூனை, அதே மரம். அடுத்த வாரம் வேறொரு நூல் வரும்.